வீடு எவ்வளவு சிறுக்கலாம்? எர்ன்ஸ்ட் மே போட்ட கணக்கு

1929 அக்டோபர் 24. நியூயார்க் பங்குச் சந்தை சரியத் தொடங்கிய வியாழக்கிழமை. அதே நாளில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், பல நாடுகளிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்கள் மூன்று நாள் மாநாட்டுக்காகக் கூடியிருந்தார்கள். மாளிகை பற்றியோ வானளாவிய கோபுரம் பற்றியோ பேச வந்தவர்கள் இல்லை. ஒரு தொழிலாளிக் குடும்பம் தன் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீடு எவ்வளவு சிறியதாக இருக்கலாம், அதற்குக் கீழே போனால் அதை வீடு என்று சொல்ல முடியாது என்கிற கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மாநாட்டோடு ஒரு கண்காட்சியும் நடந்தது. பல நகரங்களிலிருந்து வந்த 200க்கும் மேற்பட்ட சின்ன வீடுகளின் வரைபடங்கள், எல்லாம் ஒரே அளவுகோலில். வரைந்தவர் பெயர் எதிலும் இல்லை. பெயரைப் பார்த்து மதிப்பெண் போட வழியில்லாததால், பார்க்க வந்தவர் வீட்டைத்தான் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தை வரவேற்று நடத்தியவர், அந்த நகரத்தின் கட்டுமானத் துறைக்கும் நகரத் திட்டத்துக்கும் பொறுப்பாக இருந்த எர்ன்ஸ்ட் மே. (மாதத்தின் பெயர் இல்லை, ஜெர்மானியர்கள் 'மை' என்பதுபோல உச்சரிப்பார்கள். தமிழில் 'மே' என்று எழுதும் வழக்கம் இருப்பதால் அப்படியே விடுகிறேன்.)

மாநாட்டின் தலைப்பில் இருந்த ஜெர்மன் சொல் 'எக்ஸிஸ்டென்ஸ்மினிமும்'. உயிர் வாழக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று சம்பளம், வரி, நிவாரணம் சம்பந்தமாகப் பேசும்போது புழங்கும் சொல் அது. அதைக் கட்டடக் கலைஞர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். குறைந்தபட்ச வீடு என்று சொல்லலாம். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் மனதில் வருவது புறாக்கூண்டு. பெரிய வீட்டைச் சுருக்கினால் சின்ன வீடு வந்துவிடும் என்று நினைக்கிறோம். மே போன்றவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். முதலில் எதையெல்லாம் குறைக்க முடியாது என்று பட்டியல் போடு: வெயில், காற்று, பெற்றோருக்குத் தனி அறை, கதவடைத்துக் குளிக்க ஓர் இடம், சமைக்க ஓர் இடம், கால் வைக்க ஒரு துண்டு மண். இவற்றைச் சேர்த்து வைத்தால் எத்தனை சதுர மீட்டர் வருகிறதோ, அதுதான் குறைந்தபட்சம். விருந்தினருக்கு மட்டும் திறக்கிற, மற்ற நாளில் பூட்டிக் கிடக்கிற முன்னறை அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய நடுத்தர வீடுகளில் அப்படி ஓர் அறை அப்போது கௌரவத்துக்காகவே இருந்தது.

இந்தச் சிந்தனை மேயிடம் ஒரே நாளில் முளைக்கவில்லை. அவர் 1886 ஜூலை 27இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே, தோல் பொருள் தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது டார்ம்ஷ்டாட், மூனிக் நகரங்களில். 1910 முதல் 1912 வரை இங்கிலாந்தில் ரேமண்ட் அன்வின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். தோட்ட நகரம் என்ற கருத்துக்கு லெட்ச்வர்த்திலும் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலும் உருவம் கொடுத்தவர் அன்வின். வீடுகளை நெருக்கிக் கட்டினால் நிலம் மிச்சம் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், நெருக்கிக் கட்டும்போது எத்தனை தெரு கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது, அந்தத் தெருவுக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். மிச்சம் என்று நினைத்ததில் பெரும்பகுதியைத் தெருவே தின்றுவிடுகிறது. அழகைப் பற்றிப் பேசுமுன் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்கும் பழக்கம் மேக்கு அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்ததும் அவர் போய்ச் சேர்ந்தது ஜெர்மனியின் கிழக்கு ஓரமான சைலீசியா. ப்ரெஸ்லாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பொது நிறுவனத்தில், கிராமப்புறக் குடியிருப்புகள் அமைக்கும் வேலை. ப்ரெஸ்லாவ் இன்று போலந்தில் இருக்கிற வ்ராட்ஸ்வாஃப். கையில் பணமில்லை, பொருளில்லை, வீடற்றவர்கள் ஏராளம். சில வகை வீடுகளை மட்டும் நன்றாக வரைந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கட்டினார். தட்டைக் கூரைக்குப் பிற்காலத்தில் பெயர் வாங்கிய மனிதர் அங்கே கட்டியதெல்லாம் செங்குத்தான கூரை போட்ட நாட்டுப்புற வீடுகள் என்பதை அவருடைய ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

1921இல் ப்ரெஸ்லாவ் நகர விரிவாக்கப் போட்டிக்கு அவர் ஒரு யோசனை அனுப்பினார். நகரத்தை எண்ணெய்க் கறை போல நாலாபுறமும் பரவ விடாதே. வயலும் தோப்பும் நடுவில் இருக்கட்டும். அவற்றைத் தாண்டிச் சின்னச் சின்ன ஊர்களை வை. தாய் நகரத்தோடு ரயிலால் இணை. இதற்கு அவர் வைத்த பெயர் 'ட்ராபான்ட்', அதாவது துணைக்கோள். இன்று நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் 'துணைக்கோள் நகரம்' என்ற சொல்லும் இதே உவமையைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. போட்டியில் பரிசு கிடைக்கவில்லை என்றாலும் யோசனை அவரோடேயே இருந்தது.

1925இல் ஃபிராங்க்ஃபர்ட் மேயர் லுட்விக் லாண்ட்மான் அவரைச் சொந்த ஊருக்கு அழைத்தார். இந்த நியமனத்தின் சூட்சுமம் அதிகாரத்தில் இருந்தது. நகரத்தைத் திட்டமிடுவது ஒரு துறை, வீடு கட்டுவது இன்னொரு துறை, பூங்கா வேறொரு துறை என்று சிதறிக் கிடந்தால் கோப்பு சுற்றிக்கொண்டேயிருக்கும். லாண்ட்மான் பெரும்பாலானவற்றை ஒரே கையில் கொடுத்தார்.

ஆனால் பணம்? இங்கேதான் இந்தக் கதையில் பலர் தாண்டிப் போகிற, எனக்கு மிகவும் சுவாரஸ்யமான பகுதி வருகிறது.

போருக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை கடன் வாங்கிக் கட்டியவை. 1923இல் ஜெர்மன் மார்க் தலைகுப்புற விழுந்தது. அந்த நவம்பரில் ஒரு டாலரின் விலை சுமார் 4,20,000 கோடி மார்க். பத்து ஆண்டுகளுக்கு முன் 20,000 மார்க் கடன் வாங்கி வீடு கட்டியவர் அந்தக் கடனை ஒரு துண்டு ரொட்டியின் விலைகூடப் பெறாத காகிதத்தால் அடைத்துவிடலாம் என்ற நிலை. கடன் கரைந்தது, வீடு நின்றது. சேமிப்பைக் கடனாகக் கொடுத்தவர் ஆண்டியானார். இதைப் பார்த்த அரசு 1924இல் 'ஹவுஸ்ஸின்ஸ்ஷ்டாயர்' என்று ஒரு வரி போட்டது. உழைக்காமலே கடனிலிருந்து தப்பித்த பழைய வீடுகளின் வாடகை வருமானத்திலிருந்து ஒரு பங்கு அரசுக்கு வரும். அதில் ஒரு பகுதி, மிகக் குறைந்த வட்டிக் கடனாகப் புது வீடுகளுக்குப் போகும். பழைய வீடு புது வீட்டைக் கட்டியது. ஜெர்மனியில் இருபதுகளின் புகழ்பெற்ற குடியிருப்புகள் பலவற்றுக்கு அடியில் இந்த வரிதான் அஸ்திவாரமாகக் கிடக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் அதற்கு இடமில்லை.

வட்டி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டும். குறைந்தபட்ச வீட்டின் கணக்கு சம்பளத்தில் தொடங்குகிறது. சம்பளத்தில் இவ்வளவுதான் வாடகைக்கு ஒதுக்க முடியும். அந்த வாடகையில் பெரும்பகுதி கட்டுமானக் கடனின் வட்டிக்குப் போகிறது. மீதியை வைத்து எவ்வளவு பெரிய வீடு கட்டலாம் என்பது கடைசியில் வருகிறது. வட்டி ஏறினால், செங்கல் விலை ஒரு காசு ஏறாவிட்டாலும், அதே வாடகைக்குக் கிடைக்கும் வீடு சுருங்கும். கட்டடக் கலைஞர் அங்குலம் அங்குலமாக மிச்சம் பிடித்ததை வங்கி ஒரே கையெழுத்தில் விழுங்கிவிடும்.

1925க்கும் 1930க்கும் இடையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் எழுந்த வீடுகள், எவற்றைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, 12,000 முதல் 15,000 வரை. 'புதிய ஃபிராங்க்ஃபர்ட்' என்று அந்தக் காலத்துக்கே பெயர். அதே பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தினார் மே. அவரைச் சுற்றி ஒரு பட்டாளம் இருந்தது. சந்தைக் கூடம் கட்டிய மார்ட்டின் எல்ஸேசர், மேசை நாற்காலி வடிவமைத்த ஃபெர்டினாண்ட் கிராமர், தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட லெபெரெக்ட் மிக்கே, டச்சுக்காரர் மார்ட் ஷ்டாம். கதவு, கைப்பிடி, விளக்கு, அடுப்பு என்று எல்லாவற்றுக்கும் நகராட்சியே தரம் நிர்ணயித்தது. சின்ன வீட்டுக்குள் பெரிய வீட்டின் அலமாரி நுழையாது என்பதால், சின்ன அலமாரியும் பகலில் சுவரோடு மடித்துவைக்கும் கட்டிலும் செய்ய வேண்டியிருந்தது.

நகரத்தின் வடமேற்கே நிடா என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கைப் பசுமையாகவே விட்டுவிட்டு, இரு கரைகளிலும் குடியிருப்புகளை வைத்தார். துணைக்கோள் யோசனை இங்கே மண்ணில் இறங்கியது. அவற்றில் அழகானது ரோமர்ஷ்டாட். 1927–28இல் கட்டப்பட்டது, சுமார் 1,200 வீடுகள். பழைய ரோமானியக் குடியிருப்பு ஒன்று புதைந்து கிடந்த இடம் என்பதால் அந்தப் பெயர். தெருக்களில் ஒன்றுக்கு ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் பெயர்கூட இருக்கிறது. ஆற்றைப் பார்த்தபடி கோட்டை மதில் போல ஒரு தாங்குசுவர், அதற்குக் கீழே காய்கறிப் பாத்திகள், மேலே வளைந்து போகும் வரிசை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தோட்டம். சமையல், வெந்நீர், விளக்கு எல்லாம் மின்சாரம். ஒரு குடியிருப்பு முழுவதும் மின்மயமானது ஜெர்மனியில் அதுவே முதல்முறை. மின்கட்டணம் தாங்கவில்லை என்று குடியிருந்தவர்கள் முறையிட்டதும் அங்கேதான்.

வெயில் விஷயம் நமக்குக் கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். நாம் வெயிலை வெளியே நிறுத்த வீடு கட்டுகிறோம். அவர்கள் உள்ளே அழைக்கக் கட்டினார்கள். இருண்ட, ஈரமான நகரக் குடியிருப்புகளில் காசநோய் பரவியிருந்த காலம் அது. ப்ருக்ஃபெல்ட் தெருவில் 1926–27இல் கட்டிய குடியிருப்பில் வீடுகளை நேர்கோட்டில் வைக்காமல், ரம்பப் பல் போலத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சூரியன் கிடைக்கட்டும் என்று. ஊர்க்காரர்கள் 'ஸிக்ஸாக்ஹவுஸன்', அதாவது வளைந்து வளைந்து போகும் ஊர், என்று கேலிப்பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கிறது. கடைசியாகக் கட்டியவற்றில் ஒன்றான வெஸ்ட்ஹவுஸனில் இந்த விளையாட்டெல்லாம் போய், வரிசை வீடுகள் தெருவுக்கு முதுகோ முகமோ காட்டாமல் வடக்கு தெற்காக இணையாக நிற்கின்றன. காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறுபக்கம். சிறிய வீடுகள் 40 சதுர மீட்டரை ஒட்டி, அதாவது நம் கணக்கில் 430 சதுர அடி. நியாயமான பங்கீடு. ஆனால் ரோமர்ஷ்டாட்டின் வளைவுகளில் நடந்தால் அடுத்த திருப்பத்தில் என்ன என்று ஆவல் வரும். வெஸ்ட்ஹவுஸனில் முதல் வரிசையைப் பார்த்தால் கடைசி வரிசையையும் பார்த்தாயிற்று.

இனி சமையலறை. இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான். வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே லிஹோட்ஸ்கி. பின்னாளில் கணவர் பெயரையும் சேர்த்து ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926இல் மே அவரைத் தன் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சுமார் 70 சதுர அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொழிலாளியின் கை கால் அசைவைக் கடிகாரம் வைத்து அளப்பதுபோல, ஒரு பெண் அடுப்புக்கும் மேசைக்கும் தொட்டிக்கும் இடையே எத்தனை அடி நடக்கிறாள் என்று அளந்தார்.

விளைந்தது இது: ஜன்னலோரம் வேலை செய்யும் பலகை, உட்கார்ந்தபடி காய் நறுக்கச் சுழல் முக்காலி, பலகையில் ஓர் ஓட்டை வழியாகக் குப்பை கீழே இழுப்பறைக்குள் விழும். பாத்திரம் துடைக்க வேண்டாம், தட்டுகள் தானே வடியும் அடுக்கு. சுவரிலிருந்து மடித்து இறக்கும் இஸ்திரிப் பலகை. விளக்கு கூரையில் தண்டவாளத்தில் ஓடும். அரிசி, சர்க்கரை, பருப்பு வகைகளுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். மூக்கு வைத்திருப்பதால் உருவி அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவு வைக்கும் பெட்டிக்கு மட்டும் ஓக் மரம், புழு வராது என்று. மரப்பகுதிகளுக்கு நீலப்பச்சை வண்ணம், ஈ அண்டாது என்ற நம்பிக்கையில். பக்கத்து அறைக்குச் சறுக்குக் கதவு. திறந்து வைத்தால் அடுப்பிலிருந்தபடியே குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் வைக்கப்பட்டன. இன்று நம் ஊரில் 'மாடுலர் கிச்சன்' என்று விளம்பரம் செய்வதன் கொள்ளுப்பாட்டி இதுதான். குறைகளும் உண்டு. ஓர் ஆள் மட்டும் நிற்கலாம். மாமியார், மருமகள், மகள் என்று மூவர் சேர்ந்து சமைக்கும் வீட்டில் இது சண்டைக்கே வழி. அலுமினிய இழுப்பறைகள் சின்னக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரம். பெண்ணின் உழைப்பைக் குறைக்கப் போய், அவளைத் தனியாக ஓர் அறைக்குள் பூட்டியதாகப் பிற்காலப் பெண்ணியவாதிகள் சொன்னது நியாயமே. அதை வரைவதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று லிஹோட்ஸ்கியே முதுமையில் சொல்லியிருக்கிறார். அவர் நாஜிகளை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். 102 வயது வரை வாழ்ந்தவர். எல்லாரும் சமையலறையை மட்டுமே கேட்கிறார்கள் என்று அவருக்கு அலுப்பு இருந்தது. நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

சுவரையும் தொழிற்சாலையில் வார்த்துப் பார்த்தார்கள். நுரைக்கல் கலந்த கான்கிரீட் பலகை, 3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் தடிமன். கிரேன் தூக்கி வைக்கும். ப்ராவுன்ஹைம் குடியிருப்பில் இதை நிறையப் பயன்படுத்தினார்கள். வேகம் கிடைத்தது, எதிர்பார்த்த அளவு பணம் மிச்சமாகவில்லை.

அப்படியானால் கூலித் தொழிலாளி உள்ளே வந்தாரா? பெரும்பாலும் இல்லை. ரோமர்ஷ்டாட்டில் குடியேறியவர்கள் குமாஸ்தாக்கள், அரசு ஊழியர்கள், நல்ல சம்பளம் வாங்கும் திறன்பெற்ற தொழிலாளர்கள். யாருக்காகக் கணக்குப் போட்டார்களோ அவர்களுக்கு வாடகை எட்டவில்லை. அதனால்தான் 1929இல் மாநாடு கூட்டி, இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்று உலகத்தைக் கேட்டார்கள். கேட்ட அன்றே நியூயார்க்கில் சந்தை விழுந்தது. ஜெர்மன் நகராட்சிகள் அமெரிக்கக் கடனில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கடன் வற்றியது, வீட்டு வரியின் பணத்தை அரசு வேறு ஓட்டைகளை அடைக்கத் திருப்பியது. ஃபிராங்க்ஃபர்ட்டில் கிரேன்கள் ஒவ்வொன்றாக நின்றன.

1930 இலையுதிர் காலத்தில் மே, சுமார் இருபது பேர் குழுவோடு மாஸ்கோவுக்கு ரயிலேறினார். லிஹோட்ஸ்கியும் உடன் போனார். சோவியத் அரசு புதிய தொழில் நகரங்களைத் திட்டமிட அழைத்திருந்தது. நிலத்துக்கு விலையில்லை, கடனுக்கு வட்டியில்லை. அவரைத் தோற்கடித்த இரண்டுமே இல்லாத நாடு! சுமார் 20 நகரங்களுக்குத் திட்டம் வரைந்தார்கள். அவற்றில் பேர் பெற்றது யூரல் மலையோரத்து மக்னிதோகோர்ஸ்க். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தபோது இரும்பாலையும் அணையும் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தன. புகை எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து வீட்டை வைக்கும் சுதந்திரம் இல்லை. சிமென்ட் இல்லை, கண்ணாடி இல்லை, பழகிய கொத்தனார் இல்லை. தொழிலாளர்கள் கூடாரத்திலும் மரக் கொட்டகையிலும் கிடந்தார்கள். முதல் குடியிருப்புத் தொகுதியில் அவருடைய இணை வரிசைகள் எழுந்தன. நகரத்தின் மீதி வேறு வழியில் போனது. ஸ்டாலின் காலத்து ரசனை தூண்களுக்கும் அலங்காரத்துக்கும் திரும்பிக்கொண்டிருந்தது.

1933 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தபோது திரும்பிப் போக வீடு இல்லை. ஜெர்மனியில் நாஜிகள். யூத வம்சாவளி, சோவியத்துக்கு வேலை செய்தவர், தட்டைக் கூரைக்காரர் என்று அவர்கள் வெறுக்க மூன்று காரணங்கள். அவரை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அழைத்த லாண்ட்மானும் யூதரே. பதவி இழந்து நெதர்லாந்துக்குத் தப்பிய அவர், 1945இல் போர் முடிய இரண்டே மாதம் இருக்கும்போது அங்கேயே இறந்தார்.

மே போனது கிழக்கு ஆப்பிரிக்கா. நாற்பத்தேழு வயதில் இன்றைய தான்சானியாவில் காப்பித் தோட்டம் வைத்தார். 1937 வாக்கில் நைரோபியில் மீண்டும் வரைபலகை. போரின்போது பிரிட்டிஷ் அரசு, எதிரி நாட்டுக்காரர் என்று அவரை முகாமில் அடைத்தது; நாஜிகளிடமிருந்து ஓடிவந்தவர் என்பது எடுபடவில்லை. பின்னர் உகாண்டாவின் கம்பாலா நகர விரிவாக்கத்துக்கு அதே ஆட்சியே அவரைத் திட்டம் போடச் சொன்னது.

அந்தத் திட்டத்தில்தான் எனக்கு அவர்மீது வருத்தம். சூரியனை அழைத்தவர் இங்கே நிழலையும் காற்றோட்டத்தையும் அழகாகக் கற்றுக்கொண்டார், மலைச்சரிவுகளைக் கெடுக்காமல் தெரு போட்டார். கொக்கி போல ஒன்றோடொன்று மாட்டும் வளைந்த கான்கிரீட் துண்டுகளால், அந்த ஊர்க் குடிசையின் உருவத்தை நினைவூட்டும் ஒரு வீட்டு வகையையும் கண்டுபிடித்தார். ஆனால் ஆப்பிரிக்கருக்கு ஓர் இடம், ஆசியருக்கும் ஐரோப்பியருக்கும் வேறு இடம் என்ற காலனியப் பிரிவினையைத் தன் வரைபடத்தில் ஏற்றுக்கொண்டார். ஃபிராங்க்ஃபர்ட்டில் குறைந்தபட்சம் என்பது மனிதருக்கு எது வேண்டும் என்ற கேள்வியாக இருந்தது. கம்பாலாவில் எந்த மனிதருக்கு என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

1953 கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி, ஹாம்பர்க்கில் 'நோயே ஹைமாட்' என்ற தொழிற்சங்க வீட்டுவசதி நிறுவனத்தின் திட்டப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். குண்டுவீச்சில் நொறுங்கிய நாட்டுக்கு வீடு வேண்டும், பணமும் இருந்தது. ப்ரெமன் நகரின் நோயே ஃபார் குடியிருப்பு அவரும் வேறு சிலரும் சேர்ந்து திட்டமிட்டது: 1957 முதல் 1962க்குள் சுமார் 10,000 வீடுகள். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐந்து ஆண்டுகள் முழுக்கக் கட்டியதில் பெரும்பகுதி, இங்கே ஒரே இடத்தில். நடுவில் ஃபின்லாந்துக்காரர் ஆல்வார் ஆல்டோ வரைந்த விசிறி போன்ற கோபுரம் நிற்கிறது. போய்ப் பார்ப்பவர்கள் படம் எடுப்பது அதைத்தான். வீடுகள் வசதியானவை, மரங்கள் ஏராளம், ஆனால் ஒரு குடியிருப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் மதில் இல்லை, வளைவு இல்லை. 1970 செப்டம்பர் 11இல் ஹாம்பர்க்கில் இறந்தார். அடக்கம் செய்தது பிறந்த ஊரில்.

அந்தச் சமையலறைகளில் பெரும்பாலானவற்றைக் குடியிருந்தவர்களே பின்னாளில் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். குளிர்பதனப் பெட்டி வைக்க இடமில்லை, இரண்டு பேர் நிற்க முடியவில்லை. எறிந்ததில் மிஞ்சிய ஒன்று இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமர்ஷ்டாட்டில் இம் புர்க்ஃபெல்ட் தெருவின் 136ஆம் எண் வீட்டை மட்டும் பழைய வண்ணத்துக்கும் பழைய தோட்டத்துக்கும் திருப்பி, எர்ன்ஸ்ட் மே பெயரிலான சங்கம் பார்வைக்கு வைத்திருக்கிறது. இரு பக்கமும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வழக்கம்போலத் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.